நீரோவின் பிடிலை யார் பார்த்தது?

"ரோம் நகரம் பற்றி எரிந்தபோது பிடில் வாசித்த நீரோ மன்னனைப் போல..." இந்த வரி இல்லாத மேடைப் பேச்சு நம் ஊரில் குறைவு. வெள்ளம் வந்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, ஆட்சியில் யார் இருந்தாலும் சரி, எதிரே மைக் பிடித்திருப்பவருக்கு அவர் நீரோதான். நானும் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் இந்த வரியைக் குரலை உயர்த்திச் சொல்லி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியவன்தான், அதனால் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆனால் பிடில், அதாவது வயலின், ஐரோப்பாவில் உருவானது 16ஆம் நூற்றாண்டில். ரோம் எரிந்தது கி.பி. 64இல். நடுவில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் இடிக்கிறது.

இதைக் கேட்டதும் சிலர் "அப்போ ரோம வரலாறே கட்டுக்கதைதான்" என்று முடித்துவிடுகிறார்கள். சிலர் "பிடில் இல்லை, யாழ் மாதிரி ஒன்று" என்று வாத்தியத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய கதையையே தொடர்கிறார்கள். இரண்டு தரப்புமே கேட்க மறக்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தத் தகவல் நம் கைக்கு எப்படி வந்தது? ரோமைப் பற்றிப் படிப்பது என்றால் ராஜாக்கள் பட்டியலையும் போர் நடந்த வருஷங்களையும் மனப்பாடம் செய்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்று பார்ப்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது, சுவாரசியம் முழுக்கவும் அங்கேதான் இருக்கிறது.

தாத்தா பாட்டி கல்யாணம்

உங்கள் தாத்தா பாட்டியின் கல்யாணத்தைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருமே இப்போது இல்லை. முதலில் பெரியத்தையிடம் போவீர்கள். "ஐயாயிரம் பேர் சாப்பிட்டாங்கடா, அப்படி ஒரு கூட்டம்" என்பார். அன்றைக்கு அத்தைக்கு எட்டு வயது. பெண் வீட்டுப் பக்கம் போனால் அவர்களுக்குப் பாயசம் தீர்ந்துபோனதும் அதில் வந்த சண்டையும் மட்டும்தான் ஞாபகம். பரணில் கல்யாணப் பத்திரிகை கிடைக்கிறது, அதில் முகூர்த்த நேரம் அச்சாகியிருக்கிறது, ஆனால் தாலி அந்த நேரத்துக்குக் கட்டினார்களா என்பதற்கு அது சாட்சி இல்லை. அப்புறம் ஒரு பழுப்பேறிய நோட்டு: மொய் நோட்டு. எந்த ஊர், யார் பெயர், எவ்வளவு, எல்லாம் வரிசையாக. மொத்தம் 312 பெயர். குடும்பத்துக்கு நாலைந்து பேர் என்று போட்டாலும் ஐயாயிரம் தேறாது.

மொய் எழுதியவருக்கு வரலாறு எழுதுகிறோம் என்ற எண்ணமே கிடையாது. நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்குக் கணக்கு வேண்டும், அவ்வளவுதான். அதனாலேயே அந்த நோட்டை நம்பலாம். ஆனால் சண்டை எதற்கு வந்தது என்று மொய் நோட்டு ஒருநாளும் சொல்லாது, அதற்கு அத்தையிடம்தான் போக வேண்டும்.

ரோம வரலாறும் இப்படித்தான் எழுதப்படுகிறது. ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, அதில் இருந்தவர்களின் கையால் உண்டான பொருளை, எழுத்தை முதன்மைச் சான்று என்கிறார்கள். பிற்பாடு வந்த ஒருவர் மற்றவர்கள் சொன்னதைத் திரட்டி எழுதினால் அது இரண்டாம் நிலைச் சான்று. ரொம்பப் பழையது என்பதாலேயே ஒன்று முதன்மைச் சான்று ஆகிவிடாது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்: இரண்டாயிரம் வருஷம் பழைய ஆசிரியர் என்றாலே நேரில் பார்த்து எழுதினார் என்று நம்பிவிடுகிறோம்.

டாசிட்டஸுக்கு அப்போது எட்டு வயது

சரி, நீரோ வழக்கை எடுப்போம். 64ஆம் வருஷம் ஜூலை மாதம், தேரோட்டப் பந்தயம் நடக்கும் சர்க்கஸ் மாக்சிமஸ் பக்கத்துக் கடைகளில் தீ பிடித்தது. அதை நமக்கு விரிவாகச் சொல்பவர்கள் பழைய ரோம வரலாற்றாசிரியர்கள் மூன்று பேர்: டாசிட்டஸ், சூட்டோனியஸ், காசியஸ் டியோ. தீ பிடித்த அன்று டாசிட்டஸுக்கு ஏறக்குறைய எட்டு வயது, நம் பெரியத்தை மாதிரி. அவர் இதை எழுதியது சுமார் ஐம்பது வருஷம் கழித்து. சூட்டோனியஸ் பிறந்ததே தீ அணைந்து சில வருஷங்களுக்குப் பின். டியோ எழுதும்போது நூற்றைம்பது வருஷம் ஓடிவிட்டது.

இனி அவர்கள் சொல்வதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாசிட்டஸ் கணக்குப்படி தீ பிடித்தபோது நீரோ ரோமிலேயே இல்லை, கடற்கரை ஊரான ஆன்டியத்தில் இருந்தார். திரும்பி வந்து, வீடிழந்தவர்கள் தங்கத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார், தானிய விலையைக் குறைத்தார். ஆனாலும் ஊர் எரியும்போது மேடையேறி டிராய் நகரம் அழிந்த கதையைப் பாடினார் என்று ஒரு வதந்தி பரவியது என்கிறார். வதந்தி என்ற சொல்லை அவர் விடவில்லை. தீ விபத்தா, நீரோவின் சதியா என்பதிலும் இரண்டு பேச்சும் உண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். சூட்டோனியஸிடம் வரும்போது வதந்தி என்ற சொல் காணாமல் போகிறது. நீரோதான் கொளுத்தினார், ஒரு கோபுரத்தின் மேல் நின்று நாடக உடையில் பாடினார் என்று உறுதியாகவே சொல்கிறார். டியோவும் அதே வழி. தெருமுனையில் "அப்படித்தான் பேசிக்கிறாங்க" என்று ஆரம்பித்தது இரண்டு தெரு தாண்டும்போது "நானே பார்த்தேன்" ஆவதில்லையா, அதே பயணம். பிடில் அதற்கும் பல நூற்றாண்டு கழித்து ஒட்டிக்கொண்டது.

இதனால் நீரோ நல்லவர் என்று ஆகிவிடவில்லை, தாயைக் கொல்ல ஆளனுப்பிய மனிதர் அவர். எரிந்த இடத்தில் தனக்குப் 'பொன் மாளிகை' கட்டிக்கொண்டார், அதுதான் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. ஆனால் டாசிட்டஸும் சூட்டோனியஸும் எழுதிய காலத்தில் நீரோவின் வம்சம் போய் வேறு வம்சங்கள் ஆண்டுகொண்டிருந்தன. பழைய ஆட்சியைத் திட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேரரசர்களிடம் அதிகாரத்தை இழந்த செனட் பெருமக்களின் மனக்குறையும் இந்த எழுத்துகளில் ஊறிப்போயிருக்கிறது. எழுதியவர் எந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்று தெரியாமல் அவர் சொல்லும் விருந்துக் கதையை முழுங்கக்கூடாது.

ஒரு சின்னச் சரிபார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். தீ ஆறாவது நாள் அணைந்து, பிறகு இன்னொரு இடத்தில் மறுபடி கிளம்பியது என்கிறார் டாசிட்டஸ். இதற்குச் சம்பந்தமே இல்லாமல், பிற்பாடு டொமிஷியன் என்ற பேரரசர் தீக்கடவுளுக்கு வைத்த பலிபீடக் கல்வெட்டில் 'நீரோ காலத்தில் நகரம் ஒன்பது நாள் எரிந்தது' என்று வருகிறது. ஆறு நாள், அதற்கு மேல் மறுபடி கொஞ்ச நாள், கல்லில் ஒன்பது. பொருந்துகிறது. இப்படி ஒரு இடம் பொருந்தும்போது கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறதே, குறுக்கெழுத்துப் புதிரில் குறுக்கும் நெடுக்கும் ஒரே எழுத்து வந்து உட்கார்வது போல.

இந்த நூல்கள் எப்படித் தப்பி வந்தன என்பது தனிக்கதை. அச்சு இல்லாத காலம், கையால் படியெடுக்க ஆள் இருந்தால்தான் நூல் பிழைக்கும். ரோமின் கதையை ஆதியிலிருந்து எழுதிய லிவி 142 சுவடிகள் எழுதினார், நம்மிடம் இருப்பது 35. டாசிட்டஸ் நீரோவைப் பற்றி எழுதிய பகுதி, 11ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மடம் ஒன்றில் படியெடுத்த ஒரே ஒரு கைப்பிரதியிலிருந்துதான் நமக்கு வந்திருக்கிறது. அந்த ஒன்றைக் கரையான் தின்றிருந்தால் மேலே சொன்ன ஒப்பீட்டுக்கே வழியில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் கேட்டு எழுதியவர்கள், ஒரு தரப்பில் நின்று எழுதியவர்கள், அவர்கள் எழுதியதிலும் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. எப்போது எழுதினார், யாரிடம் கேட்டார், யார் மேல் கோபம் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

உபயம் என்று பெயர் போட்டவர்தான் கட்டினாரா?

"எழுத்தாளர்களை நம்ப முடியாது, கல்வெட்டை நம்பலாமே" என்று தோன்றும். கல்லிலும் உலோகத்திலும் பொறித்த எழுத்தைப் படித்துப் பொருள் சொல்லும் துறைக்குக் கல்வெட்டியல் என்று பெயர். ரோமர்கள் எழுதித் தள்ளியவர்கள். கல்லறை, சாலையோர மைல்கல், குளியல் கூடம், பாலம், எதையும் விடவில்லை. லத்தீன் கல்வெட்டுகளைத் திரட்டும் பெருந்தொகுப்பு வேலை 1853இல் தொடங்கியது, இன்றுவரை அதில் சேர்ந்திருப்பவை 1,80,000 அளவில். கல்வெட்டில் ஊர்ப்பெயர், பதவி, தேதி எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் கல்வெட்டு என்பது பெரும்பாலும் விளம்பரம். கோவிலில் ட்யூப் லைட் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதியிருப்பார்களே, அந்த ரகம்.

ரோமில் பாந்தியன் என்று ஒரு கோவில், 43 மீட்டர் அகலக் குவிமாடத்தோடு இன்றும் நிற்கிறது. முகப்பில் பெரிய எழுத்துகளில், தெளிவாக எழுதியிருக்கிறது: லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டியது. கான்சல் என்பது வருஷத்துக்கு ஒருமுறை தேர்வாகும் மிக உயர்ந்த பதவி, வருஷத்தையே கான்சல் பெயரை வைத்துத்தான் சொல்வார்கள். அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சலானது கி.மு. 27. கல் சொல்கிறது, கணக்கு முடிந்தது என்று பல நூற்றாண்டு நம்பினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவரின் செங்கல்லைக் கவனித்தார்கள். நம் ஊர்ச் செங்கல்லில் சூளைக்காரர் பெயரெழுத்தைப் பதிப்பது போல ரோமானியச் செங்கல்லிலும் முத்திரை உண்டு, சிலவற்றில் அந்த வருஷத்துக் கான்சல் பெயரும் இருக்கும். பாந்தியன் செங்கல் முத்திரைகள் அக்ரிப்பா காலத்தவை இல்லை, அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் கழிந்த பின் சுட்ட கற்கள். அக்ரிப்பா கட்டியது தீயில் போயிற்று, திரும்பக் கட்டியதும் போயிற்று, இப்போது நிற்பது டிராஜன், ஹேட்ரியன் என்ற பேரரசர்கள் காலத்தில் எழும்பியது, கி.பி. 125 வாக்கில் முடிந்திருக்க வேண்டும். ஹேட்ரியன் புதுப்பித்த கட்டடங்களில் தன் பெயரைப் போடாமல் முதலில் கட்டியவர் பெயரையே விட்டுவைப்பார் என்று ஒரு பழைய குறிப்பும் இருக்கிறது. முகப்புக் கல்வெட்டைப் பொய் என்று சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சுவருக்குள் போன செங்கல்தான் தேதியைச் சொன்னது.

இன்னொரு வகையும் உண்டு: எழுதியதை வெட்டி எடுப்பது. ரோம் நகரச் சதுக்கத்தில் 203ஆம் வருஷம் வைத்த செவெரஸ் வளைவு நிற்கிறது. அதில் பேரரசர் செவெரஸ் பெயரும் இரண்டு மகன்கள் பெயரும் இருந்தன. அப்பா செத்ததும், 211இல், மூத்தவன் காரகல்லா தம்பி கெட்டாவைக் கொன்றுவிட்டு அவன் பெயரை எல்லா இடத்திலும் நீக்கச் சொன்னான். வளைவின் நாலாவது வரியில் கெட்டாவின் பெயர் இருந்த இடத்தில் 'மிகச் சிறந்த, மிக வீரமிக்க தலைவர்களுக்கு' என்று பொதுவான வார்த்தைகளைப் போட்டு நிரப்பினார்கள். ஆனால் முதலில் வைத்த வெண்கல எழுத்துகளை மாட்டுவதற்காகக் கல்லில் துளைகள் போட்டிருந்தார்களே, அவற்றை அடைத்தும் தடம் போகவில்லை. துளைகளின் இடத்தை வைத்துப் பழைய எழுத்துகளைத் திரும்பப் படித்துவிட்டார்கள். அழித்த இடம் இருக்கிறதே, அது சில சமயம் எழுதிய இடத்தைவிட அதிகம் பேசும்.

கல்வெட்டு நம்பகமானதுதான், எதற்கு என்று தெரிந்து நம்பினால். இன்னார் தன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்ல விரும்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

குப்பைமேடு என்ற ஆவணக் காப்பகம்

எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோம் நகருக்குள்ளேயே, டைபர் ஆற்றுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மோன்டே டெஸ்டாச்சியோ என்று ஒரு குன்று. 35 மீட்டர் உயரம், மேலே புல் முளைத்திருக்கும், தெரியாதவர்கள் இயற்கையான குன்று என்றே நினைப்பார்கள். முழுக்க உடைந்த சாடி ஓடு. எண்ணெய், ஒயின் கொண்டுவரும் இரண்டு கைப்பிடி மண்சாடிக்கு ஆம்போரா என்று பெயர். எண்ணெய்ச் சாடியைக் கழுவி மறுபடி பயன்படுத்த முடியாது, சிக்கு நாற்றம் போகாது, அதனால் காலி செய்ததும் உடைத்து இங்கே அடுக்கி நாற்றத்துக்கு மேலே சுண்ணாம்பு தூவினார்கள். அங்கே குவிந்திருப்பது ஐந்து கோடிச் சாடிக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஓடுகளில் கறுப்பு மையில் சாடியின் எடை, எண்ணெயின் எடை, வியாபாரி பெயர், ஏற்றுமதித் தணிக்கை, கான்சல் பெயரால் வருஷம் எல்லாம் எழுதியிருக்கிறது, இன்றைக்குப் பார்சலில் ஒட்டும் ஸ்டிக்கர் போல. பெரும்பகுதி தென் ஸ்பெயினிலிருந்து வந்த எண்ணெய். ரோம் எப்படிச் சாப்பிட்டது என்று எந்தக் கவிஞரும் இவ்வளவு கணக்காக எழுதவில்லை.

குப்பையைத் தோண்டுவதிலும் ஒழுங்கு உண்டு. வீட்டில் நாற்காலி மேல் மடிக்காமல் போட்ட துணிக் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள்: அடியில் கிடப்பது திங்கட்கிழமைச் சட்டை, மேலே கிடப்பது இன்றையது. யாராவது நடுவில் கைவிட்டுக் கிளறினால் வரிசை கெட்டது. மண்ணிலும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளுக்கு மண்ணடுக்கு என்று பெயர், எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் வயசுக்குச் சாட்சி. அதனால்தான் புதையல் தோண்டுகிறவர்கள் எடுத்து விற்கும் பொருளைப் பார்த்தால் தொல்லியல்காரர்களுக்கு வயிறு எரிகிறது. பொருள் கிடைத்துவிடும், அது கிடந்த அடுக்கு போய்விடும்.

பேரரசின் இன்னொரு கோடியில், வட இங்கிலாந்தில், விண்டோலாண்டா என்று ஒரு படைமுகாம். அங்கே ஈரம் கோத்த, காற்றுப் புகாத மண்ணில் 1973இலிருந்து மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்து வருகின்றன. போஸ்ட் கார்டு அளவு, மையால் எழுதியவை, ஏறக்குறைய கி.பி. 100ஐ ஒட்டியவை. யாரோ ஒருவர் யாருக்கோ காலுறையும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக ஒன்றில் இருக்கிறது. ஒரு படைத்தலைவரின் மனைவி கிளாடியா செவெரா, பக்கத்து முகாமில் இருந்த இன்னொரு படைத்தலைவரின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு, செப்டம்பர் 11ஆம் தேதிக்கு, அழைத்த கடிதம் ஒன்று. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார், கடைசி வரிகள் மட்டும் வேறு கையெழுத்து, கொஞ்சம் கோணல்: உன்னை எதிர்பார்ப்பேன் சகோதரி, நலமாயிரு என் உயிரே. ஒரு பெண் தன் கையாலேயே எழுதிய லத்தீன் எழுத்துகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் இது ஒன்று.

குப்பையும் சில சமயம் குழப்பும், அதையும் சொல்லிவிட வேண்டும். வெசுவியஸ் எரிமலை 79ஆம் வருஷம் பாம்பேய் நகரைப் புதைத்தது. அதைத் தூரத்திலிருந்து கண்ணால் பார்த்தவர் இளைய பிளினி, அன்று அவருக்கு 17 வயது. பின்னாளில் நம் டாசிட்டஸ் கேட்டுக்கொண்டதற்காகக் கடிதத்தில் எழுதியனுப்பினார். நேரில் பார்த்த சாட்சி, இதைவிட என்ன வேண்டும்? அவர் கடிதத்தின் கைப்பிரதி வழியாக வந்த தேதி ஆகஸ்ட் 24. ஆனால் தோண்டிய இடத்தில் மாதுளை, அக்ரோட்டு என்று இலையுதிர்காலப் பழங்களும் கொட்டைகளும் வந்துகொண்டே இருந்தன. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது, அதில் இருந்த தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. கரிக் கிறுக்கல் அதிக நாள் நிற்காது, ஆகவே அது 79ஆம் வருஷத்ததுதான், நகரம் புதைந்தது அக்டோபர் கடைசியில் என்று பலரும் சொல்ல ஆரம்பித்தார்கள். கிறுக்கலில் வருஷம் இல்லையே, முந்தைய வருஷத்ததாக இருக்கக்கூடாதா என்று மற்றவர்கள் மடக்கினார்கள். சண்டை நடக்கிறது. பிளினி பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை, ஆயிரம் வருஷமாகக் கை மாறி மாறிப் படியெடுத்ததில் மாதத்தின் பெயர் பிசகியிருக்கலாம் என்பதுதான் சந்தேகம்.

ஒரு கப்பல், நாலு சாட்சி

சான்றுகளைத் தனித்தனியாகப் பார்த்தோம். ஒன்றையொன்று பார்க்காத சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொல்லும்போதுதான் வரலாற்றில் ஒரு செய்தி உறுதிப்படுகிறது. இதற்கு நம் கடற்கரையைத் தொடுகிற ஓர் உதாரணமே இருக்கிறது.

மூத்த பிளினி, அதாவது மேலே சொன்ன பிளினியின் தாய்மாமன், 1ஆம் நூற்றாண்டில் புலம்புகிறார்: வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது. இங்கே அகநானூற்றில் ஒரு பாட்டு, யவனர்களின் நல்ல மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை, அன்றைய சேரநாட்டு மேற்குக் கரைத் துறைமுகத்தை, சொல்கிறது. பிளினிக்குத் தமிழ் தெரியாது, பாடிய புலவருக்கு லத்தீன் தெரியாது. ஒருவர் காசு போகிறதே என்று வயிறெரிகிறார், இன்னொருவர் ஊர்ப் பெருமையாகப் பாடுகிறார், வியாபாரம் ஒன்றுதான்.

புலம்பலும் பாட்டும் மிகைப்படுத்தும் என்பீர்கள். சரி, மூன்றாவது சாட்சி: வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ். நாணல் தண்டைப் பிளந்து அடுக்கிச் செய்த எகிப்தியத் தாளுக்குத்தான் பாப்பிரஸ் என்று பெயர், எகிப்தின் வறண்ட மணலில் அது மக்காமல் கிடக்கும். 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தத் தாளின் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்தோடு சம்பந்தப்பட்ட கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்குக் கணக்கு, தந்தமும் கங்கைக்கரை வாசனைப் பொருளும் அதில் இருக்கின்றன. கால்பங்கு சுங்கவரி வேறு. சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டெர்ஸ் வரை வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது ஒரு படைவீரனின் ஒரு வருஷச் சம்பளம் 1,200 செஸ்டெர்ஸ். ஒரு கப்பல் சரக்கில் ஒரு முழுப் படையணிக்கே வருஷச் சம்பளம் போட்டுவிடலாம்.

நாலாவது சாட்சி எழுத்தே இல்லை. செங்கடல் கரையில் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், ஒரு கோவில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கப்பலே 70 லட்சம் என்றால் பிளினியின் 5 கோடி ஏழெட்டுக் கப்பலில் தீர்ந்துவிடும். ஆனால் வருஷத்துக்கு 120 கப்பல் வரை இந்தியாவுக்குப் போகின்றன என்று ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் எழுதியிருக்கிறார். உதைக்கிறதே? பாப்பிரஸ் சொல்வது எகிப்தில் சரக்குக்குப் போட்ட மதிப்பு, பிளினி சொல்வது வெளியே போன பணம், சரக்கு நூறு மடங்குக்கு விற்றது என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். ஸ்ட்ராபோ சொன்ன எல்லாக் கப்பலும் ஹெர்மபொல்லோன் அளவுக்கு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வியாபாரம் நடந்தது, பெரிதாக நடந்தது என்பதில் நாலு சாட்சியும் ஒத்துப்போகிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் இழுபறிதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'ரோம் பேரரசையே திவாலாக்கிய மிளகு' என்று பார்வர்டு அனுப்புகிறவர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த 'எவ்வளவு' முடியும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

எழுதத் தெரியாதவன் கழுத்தில் எழுதியது

மேலே பேசியவர்களை எண்ணிப் பாருங்கள்: செனட்டர், பேரரசர், படைத்தலைவர், படைத்தலைவரின் மனைவி, கப்பல் முதலாளி. ரோம் நகரில் சுமைதூக்கிய அடிமையின் வாழ்க்கையை அவனே எழுதிய நூல் ஒன்று கிடையாது. ரோம் அருங்காட்சியகம் ஒன்றில் ஓர் இரும்புக் கழுத்து வளையம் இருக்கிறது, அதில் ஒரு தகடு தொங்குகிறது. 'நான் ஓடிவந்துவிட்டேன், என்னைப் பிடி. என் எஜமான் ஜோனினஸிடம் திருப்பிக் கொண்டுபோய் விட்டால் ஒரு பொற்காசு பெறுவாய்' என்று எழுதியிருக்கிறது. 'நான்' என்று எழுதியிருக்கிறதே தவிர, எழுதியவன் அவன் இல்லை. வளையம் போட்டவனின் பெயர் நமக்குத் தெரியும், போட்டுக்கொண்டவனின் பெயர் தெரியாது. ரோமின் மகிமை என்று யாராவது ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வளையம்தான் ஞாபகம் வருகிறது.

எந்த ரோம்?

கடைசியாக ஒரு குழப்பம், சீக்கிரம் முடித்துவிடலாம். 'ரோமர்கள் இப்படிச் செய்தார்கள்' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். மரபுக் கணக்கில் கி.மு. 753இல் பிறந்த ஊர் முதலில் மன்னர்களிடம் இருந்தது, பிறகு சுமார் ஐந்நூறு வருஷம் மன்னர் இல்லாக் குடியரசு, அப்புறம்தான் பேரரசர்கள். ஜூலியஸ் சீசர் பேரரசர் இல்லை. கி.மு. 44இல் குத்துப்பட்டபோது அவர் வாழ்நாள் சர்வாதிகாரி. பேரரசு முறையைத் தொடங்கிய அகஸ்டஸும் தன்னை 'முதல் குடிமகன்' என்றுதான் சொல்லிக்கொண்டார், அதிகாரம் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு. கி.பி. 476இல் 'ரோம் வீழ்ந்தது' என்பதும் மேற்குப் பாதிக்குத்தான் பொருந்தும். கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளில் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டவர்கள் 1453 வரை ஆண்டார்கள். அவர்களை 'பைசாண்டியர்' என்று வேறு பெயரிட்டு அழைக்கும் வழக்கம் அவர்கள் போன பிறகு வந்தது. இப்படி வசதிக்காக வெட்டிப் பெயர் வைப்பதற்குக் காலப் பகுப்பு என்று பெயர். நிலத்தில் வரப்பு போடுவது மாதிரி, மண் வரப்பைப் பார்த்து மாறுவதில்லை.

எங்கே தொடங்குவது

ஆயிரத்துச் சொச்சம் வருஷத்தையும் ஒரே புத்தகத்தில் படிக்க ஆரம்பித்து மூன்றாவது அத்தியாயத்தில் தூங்கியவன் நான். அதனால் என் யோசனை, சின்னதாக எடுங்கள். ஓர் ஊர், ஒரு வருஷம், ஒரு பொருள். பாம்பேய் நல்ல தொடக்கம், சுவர்க் கிறுக்கல்களே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, தேர்தல் ஆதரவு விளம்பரம் முதல் காதல் தகராறு வரை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வாசல் உண்டு: நாணயம். ரோமின் வெள்ளிக்காசு அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய சுத்த வெள்ளி, 200ஆம் வருஷ வாக்கில் பாதிதான் வெள்ளி, 270 வாக்கில் செம்புக்கு மேல் வெள்ளிப் பூச்சு மாதிரி, ஐந்து சதவீதம்கூட இல்லை. அதாவது பேரரசின் பணமுடையை எந்த ஆசிரியரையும் கேட்காமல் தராசே சொல்லிவிடும். கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் கிடைக்கும் வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸும் அவருக்கு அடுத்த டைபீரியஸும் அடித்தவை. வெள்ளி மட்டமாவதற்கு முந்தைய காசுகள், இங்கே வாங்கியவர்கள் உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன, அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது பணம் இல்லை, வெறும் தங்கம் என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்பது பரவலான விளக்கம்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் ரோமானிய நாணயங்கள் உண்டு. எங்கேயாவது ஒன்றைப் பார்க்க வாய்த்தால் யார் முகம் என்று அட்டையைப் படிப்பதற்கு முன்னால், கன்னத்தில் வெட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.